பனியில் போன இரண்டு விரல்கள்

நம் வயதுக்காரர்களுக்கு மார்கழி பிறப்பது காலண்டரில் தெரிவதற்கு முன் பாதத்தில் தெரிந்துவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் உள்ளங்காலில் ஒரு கூச்சம் புறப்பட்டு முழங்கால் வரைக்கும் ஏறுகிறது. உங்களில் சிலர் சர்க்கரைக்காக மருத்துவர் சொல்லி வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடுகிறீர்கள். சிலர் காலுறை மாட்டி, அதன் மேல் ரப்பர் செருப்பைக் கோத்துக்கொண்டு காலை நடைக்கு வருகிறீர்கள். நானும் இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

அண்மையில் என் பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். குளிர் தேசத்தில் படிக்கிறவள். தோழிகளோடு பனிச்சறுக்குக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அங்கே கடுங்குளிராம். கால் விறைக்காமல் இருக்கத் தடிமனான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிவிட்டாளாம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்போகிறாளாம்.

"ரெண்டு போடாதம்மா" என்றேன். "ஒண்ணு போதும். பூட்ஸுக்குள்ள விரலை ஆட்ட முடியணும். ரொம்ப இறுக்கக் கூடாது. வேர்த்து நனைஞ்சுதுன்னா உடனே மாத்திடு. நெஞ்சையும் தலையையும் நல்லா மூடிக்கோ, உடம்புல சூடு இருந்தாத்தான் காலுக்குப் போகும். விரல் வலிச்சா பயப்படாதே. வலி நின்னு போச்சுன்னா அப்போ பயப்படு."

அவள் சிரித்தாள். "உத்திரமேரூர்ல எங்க பனிச்சறுக்கு விட்டீங்க, தாத்தா?"

"ஏரிக்கரையில" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடம் அதற்கு மேல் சொல்லவில்லை. மிச்சத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் எதைப் பார்த்தால் எதை நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது இருக்கும். என் அப்பாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா, பட்டாளத்தில் இருந்தார். வடக்கே மலை உச்சியில் எங்கேயோ காவல். ஒரு கார்த்திகை மாதக் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல், காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய பச்சைப் பையோடு இறங்கினார். நீண்ட விடுப்பு என்றார். மெலிந்திருந்தார். நடையில் இடது கால் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடப்பவர்களே குறைவு. சித்தப்பா காலுறை போட்டு நடந்தார். வீட்டுக்குள்ளும் போட்டிருந்தார், சாப்பிட உட்காரும்போதும் போட்டிருந்தார். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. ஈரமானால் மழையில் நனைந்த வெள்ளாட்டின் வாடை வரும். குளித்து வந்ததும் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார். வெளியே வரும்போது கால் மூடியிருக்கும். ஒரு நீல நிறப் பவுடர் டப்பாவும் ஒரு பழைய துண்டும் எப்போதும் அவர் கையில் இருக்கும். அந்த டப்பாவின் மூடியில் ஓட்டைகள் நட்சத்திர வடிவத்தில் இருந்தன. இன்னொரு விசித்திரம், துவைத்த காலுறையை அவர் கொடியில் போடமாட்டார். பிழிந்து, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு திரிவார்.

"தம்பி, கொடில போட்டா வெயில்ல காயாதா? இன்னாத்துக்கு வயித்துல கட்டிக்கினு திரியிற?" என்று அம்மா கேட்பார்.

"பயக்கம் அண்ணி. அங்க வெளில போட்டா பலகையாட்டம் ஆயிடும். வயித்துச் சூட்லதான் காயணும்."

"இங்க வெயில் மண்டையப் பொளக்குது."

"ஒடம்புக்கு அது இன்னும் தெரியல அண்ணி."

ஒரு நாள் அம்மா அவர் மேல் இரக்கப்பட்டு ஒரு ஜோடியை எடுத்து, வெள்ளாவி வைப்பதுபோல் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்துத் துவைத்துவிட்டார். காய்ந்த பிறகு பார்த்தால் அது கைக்குழந்தையின் காலுறை மாதிரி சுருங்கிக் கிடந்தது. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. சித்தப்பா அதை இரண்டு விரல்களில் மாட்டிப் பொம்மை மாதிரி ஆட்டினார்.

"அண்ணி, இப்ப இதுக்குன்னு ஒரு கொயந்த வேணுமே."

"அதுக்கு மொதல்ல ஒரு பொண்ணு வேணும். ஊங்கிறியா, நாளைக்கே உங்கண்ணன அனுப்புறேன்."

சித்தப்பா ஊம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுச் சட்டைக்குள் கையைவிட்டு அங்கே காய்ந்துகொண்டிருந்த ஜோடியைச் சரிசெய்தார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தை பிறப்பதற்குள் தரகர் மாகறலில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி வந்தார். செய்யாற்றங்கரையில் நிலம், ஒரு ஜோடி மாடு, வண்டி, நல்ல குடும்பம். பெண் எட்டாவது வரை படித்தவர். காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் திருவிழாவில் சித்தப்பா அவரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் யார் எது கேட்டாலும் ஒரு நொடி தாமதித்தே பதில் சொன்னார்.

பனிச்சறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா மலையில் என்ன வேலை செய்தார் என்று எங்கள் தெருப் பையன்கள் ஓயாமல் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எங்களுக்குப் புரியவில்லை. காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோல்களை ஊன்றி, பனிமேல் வழுக்கிக்கொண்டே போவார்களாம். அப்படித்தான் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் சாமான் போகுமாம். பனி என்றால் எங்களுக்குப் புல்நுனியில் இருக்கும் துளி. அதன்மேல் எப்படி வழுக்குவது?

ஒரு காலையில் அவர் தென்னந்தோப்பிலிருந்து காய்ந்த பாளைகள் இரண்டை எடுத்து வந்தார். படகு மாதிரி குழிந்து, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும் பாளை. பலகையின் முனையும் இப்படித்தான் வளைந்திருக்கும் என்றார். கற்றாழை நாரால் அவற்றைக் காலில் கட்டிக்கொண்டு, மூங்கில் கழிகள் இரண்டோடு ஏரிக்கரைமேல் நின்றார். கரையின் உட்சரிவு முழுக்கப் பனி நனைத்த புல். ஆடு மேய்ப்பவர், துணி துவைக்க வந்தவர்கள், ஏர் கட்டப் போனவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"இதுக்கா பட்டாளத்துல சம்பளம் குடுக்குறாங்க?" என்றார் ஆடு மேய்ப்பவர்.

"சாப்பாடும் போட்றாங்க மாமா" என்று சொல்லிவிட்டு முழங்காலை மடக்கி இறங்கினார்.

அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவர் நொண்டவில்லை. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்ததும் பாளைகள் இரண்டும் சேர்ந்து திரும்பின. கொக்கு இறங்குவதுபோல் இறங்கினார். அடிவாரத்தில் சேறு வந்ததும் பாளை குத்திக்கொண்டு நின்றது, நார் அறுந்து அவர் மட்டும் தண்ணீருக்குள் போய் விழுந்தார். கரை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தபடி எழுந்தார். எழுந்து காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காலுறை நனைந்திருந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அவசர அவசரமாக அதைக் கழற்றி, சட்டையால் பாதத்தைத் தேய்த்துத் துடைத்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். இடது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. அந்த இடத்தில் தோல் பளபளப்பாக, வெளிர் சிவப்பில், மூடிய வாய் மாதிரி இருந்தது.

ஆடு மேய்ப்பவரும் பார்த்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது நானே கேட்டேன். சித்தப்பா மறைக்காமல் சொன்னார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம். குளிர் என்றால் என்னவென்று தெரியாத ஊர்க்காரர், பயத்தில் மூன்று ஜோடி காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பூட்ஸில் காலைத் திணித்து, நாடாவை இழுத்துக் கட்டியிருக்கிறார். கூட இருந்த மலைநாட்டுக்காரர் ஒருவர், இப்படிக் கட்டாதே, கால் மூச்சுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பாஷை பாதிதான் புரிந்திருக்கிறது. மூட்டை எப்படி இறுக்கிக் கட்டினால் உள்ளே ஒன்றும் போகாதோ, அப்படிக் கட்டினால் குளிரும் போகாது என்று இவர் கணக்கு.

"சூடு வெளிலேந்து வர்றதில்லடா. ரத்தந்தான் கொண்டாருது. நான் ரத்தத்தைக் கட்டிப் போட்டுட்டேன். மொதல்ல ஊசி குத்துற மாரி வலிச்சிது. அப்புறம் வலி நின்னுபோச்சு. சரி, கால் சூடாயிடுச்சுன்னு நெனச்சிக்கினு நாள் பூரா சறுக்கிக்கினே போனேன். ராத்திரி கழட்டிப் பாக்குறேன், ரெண்டு வெரலும் சுண்ணாம்பு மாரி கீது. தொட்டா தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் கறுத்துது. ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க."

நான் அதை முழுவதும் நம்பினேன். இதை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை.

ஆனால் ஊருக்கு நம்ப முடியவில்லை. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் கைகால் விரல் இல்லாதவரைப் பார்த்தால் மனதில் வரும் நோய் ஒன்றுதான். தொழுநோயைப் பெருவியாதி என்பார்கள். அந்தப் பெயரையும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஊர் எல்லையிலும், கோயில் வாசலிலும் அந்த நோய் கண்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நாம் நடத்திய விதத்துக்கே தனியாக ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆடு மேய்ப்பவர் பார்த்தது மெல்ல மெல்ல நடந்து மாகறல் வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளைக்குக் காலில் என்னவோ என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள் என்றார் தரகர்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டார்கள்.

"உள்ளதைச் சொல்லிடுவோம்ணா. கல்யாணத்துல மச்சான்காரன் எனக்கு மெட்டி போட்றதுக்குக் கால நீட்டித்தான ஆவணும். எத்தினி நாளைக்கு மறைக்கிறது?"

"பனில வெரல் போச்சுன்னா எவன்டா நம்புவான்? நாமளும் மார்கழில வெறுங்காலோட சேத்துல எறங்கி ஏர் ஓட்றோம். எவனுக்காவது போச்சா?"

"அந்தப் பனி வேறண்ணா."

"அது உனக்குத் தெரியும். அவுங்களுக்கு? கேக்குறவன் நம்புற மாரி இருக்கணும்டா பேச்சு."

சித்தப்பா முறத்தைக் கீழே வைத்தார். "நான் உள்ளதத்தான் சொல்லுவேன்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் பதரைக் காற்றில் விட்டார். ஒத்துக்கொண்டார் என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார். "நீ படிக்கிற புள்ள. சொன்னாப் புரிஞ்சிக்குவ. அங்க யாராவது உன்னியாண்ட சித்தப்பா காலப் பத்திக் கேட்டா, சின்ன வயசுல வண்டிச் சக்கரம் ஏறிடுச்சுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத." அப்பா கெட்டவர் இல்லை. தம்பிக்கு ஒரு குடும்பம் அமைய வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை. உண்மை நம்ப முடியாததாக இருந்தால் அதற்குப் பதில் நம்பக்கூடிய ஒன்றை வைப்பதில் தப்பில்லை என்று நினைத்தார். பெரியவர்கள் காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடத்தை ஒப்பிப்பதுபோல் அந்தப் பதிலை நான் மனதுக்குள் பல முறை சொல்லிப் பார்த்தேன். வண்டி எங்கே போய்க்கொண்டிருந்தது, என்ன பாரம், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று அப்பா சொல்லாததையெல்லாம் நானே சேர்த்தேன்.

மாகறலுக்குத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளத்தான் போனோம். அப்பா, அம்மா, சித்தப்பா, தரகர், நான். வாசலில் பெண்ணின் தம்பி பித்தளைச் செம்போடு நின்றான். வருகிற மாப்பிள்ளைக்கு அவன் கால் கழுவிவிட வேண்டும். அப்பா குறுக்கே போய், "டாக்டரு தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிகீறாரு" என்றார். சித்தப்பா அவரை மெல்ல விலக்கிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். இடது காலை எல்லோரும் பார்க்கும்படி நீட்டினார்.

பையனின் கை நின்றுவிட்டது. செம்பிலிருந்து தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது.

உள்ளே பாயில் உட்கார்ந்ததும் சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். மலை, பனி, காலில் கட்டும் பலகை, மூன்று ஜோடி காலுறை, இறுக்கிக் கட்டிய நாடா. அவருக்குப் பேச்சு அவ்வளவு வராது. அன்றைக்கு மாகறல் வீட்டில் நன்றாகப் பேசினார். பெண்ணின் அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "வலி தெரிஞ்சிருந்தா அப்பவே கழட்டியிருப்பேன். மரத்துப்போச்சு, அதான் தெரியல" என்று சித்தப்பா சொன்னதும் அந்தத் தலை ஆடுவது நின்றது.

மரத்துப்போவதுதான் அந்த நோயின் முதல் அடையாளம் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சித்தப்பா ஒருவருக்குத்தான் அந்தச் சமயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பங்காளி அவருடைய காது மடலையே உற்றுப் பார்த்தார். அந்த நோயில் தடிப்பதுபோல் தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

"வியாதிக்காரனைப் பட்டாளத்துல வச்சிருப்பாங்களா?" என்று தரகர் சமாளித்தார்.

"அதான் லீவுல அனுப்பிட்டாங்க போலக் கீதே" என்றார் பங்காளி.

யாரும் சிரிக்கவில்லை. அந்த முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை என்பது பதினோரு வயதுக்காரனுக்கே தெரிந்தது. சித்தப்பா கெடுத்துவிட்டார், அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

அப்போது பெண்ணின் அம்மா, "தம்பி, பின்னால கன்னுக்குட்டி கீது, பாக்குறியா" என்று என்னை அனுப்பிவைத்தார். கொல்லையில் கிணற்றடியில் அந்த அக்கா, சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண், நின்றிருந்தார். புதுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, கையில் ஒரு கற்றைப் புல். கன்றுக்கு நீட்டிய புல்லை அது தின்னவில்லை, அவரும் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தினாவது படிக்கிற?"

"ஆறாவது."

"நல்லாப் படிப்பியா?"

"கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு."

"அப்போ பொய் சொல்ல மாட்ட." குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். "உங்க சித்தப்பாவுக்கு வெரல் எப்படிப் போச்சு? உனக்குத் தெரியும் இல்ல? நீ சொல்றத நான் நம்புறேன்."

எனக்குத் தெரியும். அந்தச் சுண்ணாம்பு நிறம்கூடத் தெரியும். பாளைமேல் அவர் இறங்கிய அழகு தெரியும். மூன்று காலுறை, இறுக்கின நாடா, மலைநாட்டுக்காரர் சொன்ன எச்சரிக்கை, எல்லாம் என் நாக்கில் இருந்தன. ஆனால் உள்ளே அந்த உண்மை எப்படித் தோற்றது என்று இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இது என் நேரம், நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தேன்.

"வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு" என்றேன். "சின்ன வயசுல. கரும்பு பாரம். சோத்தாங்கைப் பக்கத்துச் சக்கரம்."

அக்கா நிமிர்ந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடியா" என்றார். புல்லைக் கன்றின் முன்னால் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு உள்ளே போனார். நான் நன்றாகச் செய்துவிட்டேன் என்று அந்தக் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

தாம்பூலம் மாறவில்லை. நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த பாயை யாரோ ஒரு குச்சியால் தூக்கி வேலிமேல் போடுவது தெரிந்தது. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காக இன்றும் ஆறுதல் அடைகிறேன்.

அந்த வாரத்திலேயே தரகர் வந்து சொல்லிவிட்டார். விடுப்பு மீதி இருக்கும்போதே சித்தப்பா கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் பவுடர் டப்பாவும் துண்டும் இருந்த சின்னப் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். புளியமரத்தடியில் நின்றோம்.

"எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலடா" என்றார். "மறைச்சிருந்தா, சரி, அதுக்குக் கூலின்னு இருந்துடலாம். உள்ளதத்தான சொன்னேன்."

"அந்த அக்கா ஒண்ணும் சொல்லலியா சித்தப்பா?"

"அந்தப் பொண்ணுதான் வாணாம்னு சொல்லிச்சாம். அவுங்க நைனாகூடக் கொஞ்சம் யோசிச்சாராம். அதுதான் ஒரே புடியா வாணாம்னுடுச்சாம். தரகர் சொன்னாரு."

அப்போது எனக்குப் புரிந்தது. முழுக்க இல்லாவிட்டாலும், என் வார்த்தைக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்கிற அளவுக்குப் புரிந்தது. வாயைத் திறந்திருக்கலாம். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. திறந்திருந்தால் அவர் பையைக் கீழே போட்டுவிட்டு மாகறலுக்கு நடந்தே போயிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். திட்டுவாரோ என்று பயந்தேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகுமோ என்று பயந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பஸ் வந்தது. அவர் ஏறினார். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

அவர் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று எழுதினால் இந்தக் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் செய்துகொண்டார். பல வருஷம் கழித்து, அந்த மலைப் பக்கத்திலேயே ஒரு பெண்ணை. அங்கே பனியில் விரல் போனவர்கள் ஊருக்குச் சிலர் இருப்பார்களாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்களாம். என் அப்பாவின் சாவுக்கு மட்டும் அவர் நம் ஊருக்கு ஒரு தடவை வந்தார். காரியம் முடிந்ததும் போய்விட்டார். நான் அப்போது கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவரோடு ஒரே அறையில் படுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்த அக்காவின் கதை வேறு மாதிரி போனது. பெருவியாதிக்காரன் பெண் பார்க்க வந்துபோன வீடு என்று பெயராகிவிட்டது. வேறு வரன்கள் வரவில்லை. கடைசியில் திருமுக்கூடலில் மனைவியை இழந்த, வயதான ஒருவருக்கு இரண்டாம்தாரமாகக் கொடுத்தார்கள். இது எனக்கு நெடுநாளாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

கடந்த மழைக்காலத்தில் சித்தப்பா இறந்துவிட்டதாக அங்கிருந்து செய்தி வந்தது. அதன் பிறகுதான் பேத்தியின் தொலைபேசி. அதை வைத்த மறுநாள் திருமுக்கூடலுக்கு ஆட்டோ பேசிக்கொண்டு போனேன்.

அந்த அக்கா தன் மகன் வீட்டில் இருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஃபர்ஸ்ட்டு வர்ற புள்ள" என்றார். எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "வண்டிச் சக்கரம்னு அன்னைக்கு நான் சொன்னது பொய், அக்கா. அவர் சொன்னதுதான் நிஜம்."

"தெரியும்" என்றார். மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அப்பவே. எங்க வூட்டுல வண்டி கீது. கரும்பு பாரத்தோட சக்கரம் ஏறுனா ரெண்டு வெரலு மட்டுமா போவும்? பாதமே கூழாப் பூடும்."

"அப்போ வியாதின்னு..."

"அது எங்க நைனாவும் பங்காளியும் பேசுனது. நான் கதவாண்ட நின்னு அவரு சொன்னது பூராத்தையும் கேட்டேன். அப்பிடி ஒருத்தரு கட்டிப் பேச முடியாது. மூணு சாக்ஸு போட்டேன், என் புத்திகெட்ட வேலைன்னு தன்னையே திட்டிக்கினு பேசுறாரு. பொய் சொல்றவன் அப்பிடியா சொல்லுவான்? நீயும் அதையே சொன்னன்னா, கொயந்தகூட அதான் சொல்லுதுன்னு நைனாவாண்ட அடிச்சிப் பேசலாம்னுதான் உன்னக் கேட்டேன். நீ கண்ணு சிமிட்டாம பொய் சொன்ன. சோத்தாங்கைப் பக்கத்துச் சக்கரம்ன. ஒரு கொயந்தைக்கு இப்பிடிச் சொல்லிக்குடுத்து அனுப்புற வூடா, வாணாம்னு சொல்லிட்டேன்."

"அவருக்கு அது தெரியாது. எங்கப்பாதான்..."

"அவரு வூடுதான அது" என்றார். கோபம் இல்லை. எப்போதோ தீர்த்துவைத்த ஒரு வழக்கைச் சொல்வதுபோல் சொன்னார்.

உரித்த மொச்சையைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு, "கீறாரா?" என்றார்.

"இல்லைக்கா. மழைக்காலத்துல தவறிட்டார்."

கை நின்றது. தெருவில் ஒரு டிராக்டர் போனது.

"நீ என்னியாண்ட இன்னா சொன்னன்னு அவருக்குச் சொன்னியா?"

"சொல்லலை."

"அவரு சொன்னத நான் நம்பலன்னு நெனச்சிக்கினே பூட்டாரா?"

"ஆமாம் அக்கா" என்றேன்.